காளியாயிக்கு அடிச்ச சாவுத் தப்பு

கிட்ட வந்து ஒக்காரு தம்பி. இன்னும் கிட்ட. ஏன் கதவோட கதவா ஒட்டிக்கிட்டு நிக்கிற? பேயின்னு நெனைச்சிட்டியா? இந்தா, கையத் தொட்டுப் பாரு. சூடா இருக்கா இல்லியா? செத்தவ கை இப்புடியா இருக்கும்? காய்ச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சம் கெடக்கு, அதனால ஒன்னையவிட எனக்குச் சூடு கூடத்தான்.

அந்த மாலையக் கீழ வையி. ஐயய்யோ, எம் மடியில வைக்காதடா! வெளிய ஆட்டுக்குப் போடு. தலவாக்கலையில வாங்குனியா? நல்ல பூவு. ஒங்கப்பனுக்குக்கூட இம்புட்டுப் பெரிய மாலை விழல. எம் மகன் எனக்குன்னா கஞ்சத்தனம் பண்ண மாட்டான்னு தெரியும், அத உசிரோட இருந்து பாக்கக் குடுத்து வச்சிருக்கு பாரு.

சிரிக்காம என்னாடா செய்யச் சொல்ற? காலையில இருந்து சிரிச்சுச் சிரிச்சு வெலா எலும்பு நோகுது. நீ அழு, பரவால்ல. கொழும்புல இருந்தே அழுதுக்கிட்டுத்தான் வந்திருப்ப, கண்ணப் பாத்தாலே தெரியுது. பஸ்ஸுல பக்கத்துல இருந்த ஆளு மொக்கத மல்லி, என்னா தம்பின்னு சிங்களத்துல கேட்டிருப்பாரே? அம்மா செத்துட்டான்னு சொன்னியா? ஐயோ பாவம், இனி அந்த மனுசனுக்கு யாரு போயி சேதி சொல்றது!

என்னாது? வழியெல்லாம் ஒஞ் சித்தப்பன் அழகுமுத்துவுக்குப் போன் அடிச்சியா? எடுக்கலயா? எடுக்க மாட்டான். அது தனிக் கதை. வர்றேன் அதுக்கு.

சாவு இல்லாத வீட்டு வாசல்ல ஏன் இம்புட்டுச் சனம் பாய் விரிச்சு ஒக்காந்திருக்குன்னுதானே பாக்குற. அதையும் சொல்றேன். வெளக்கு வைக்கிறதுக்குள்ள இந்த வாசல்ல ஒரு காரியம் நடக்கணும். நடக்காட்டி நாளையில இருந்து ஷாமிலா டீச்சரோட பாட்டு வகுப்பப் பூட்டிருவேன்னு தலைவர் பழனியாண்டி சொல்லிட்டாரு. அதுக்குத்தான் சனம். நீ மொதல்ல ரொட்டியப் பிச்சு வாயில போடு. கட்டசம்பல் நல்லாருக்கா? ஒனக்குன்னு அரைச்சது இல்ல, எஞ் சாவுக்கு வர்றவங்களுக்குன்னு பக்கத்து வீட்டு மீனம்மா அரைச்சது. நான்கூட ரெண்டு ரொட்டி தின்னேன்.

ஷாமிலா டீச்சர ஒனக்குத் தெரியாது. தலவாக்கலை டவுன்ல துணிக்கடை வச்சிருக்கிற பைஸர் முதலாளி மக. நம்ம ஸ்கூலுக்கு வரலாறு படிப்பிக்க வந்தவங்க. வந்த புதுசுல, புள்ளைங்க வரிசையாக் கொட்டாவி விடுறதப் பாத்துட்டு, பொஸ்தகத்த டப்புன்னு மூடிட்டாங்களாம். தூக்கத்துல எழுப்புனாக்கூட ஒங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு எதுன்னு கேட்டாங்களாம். புள்ளைங்க என்னா சொல்லும்? ரொட்டி விக்க வர்ற பாண் ஆட்டோவுல போடுற பாட்டுன்னுச்சுங்க. சரின்னு கண்டிய ஆண்ட நாலு நாயக்க ராஜசிங்கனையும் வரிசையா அந்த மெட்டுல ஏத்தி விட்டுட்டாங்க.

அதுல இருந்து, பாண் ஆட்டோ சந்தியில திரும்புறப்பவே லயத்து வீடு முழுக்க ராஜா பேரு கத்துது. எனக்கே மனப்பாடமாயிருச்சுன்னா பாத்துக்கயேன். ஒரு நாளு ஆட்டோக்கிட்டப் போயி, ஒரு கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் குடுங்கன்னு கேட்டுட்டேன்! ஆட்டோ ஓட்டுற அந்தச் சிங்கள மாத்தயா, பாவம், ராஜா பேரக் கேட்டதும் தொப்பியக் கழட்டிட்டாரு.

அப்புறம் நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து கூலியா இந்த மலைக்கு வந்த பாடம். பொஸ்தகத்துல அது சுருக்கமாத்தான் இருக்காம். இதுக்கு என்னா மெட்டுப் போடுறதுன்னு டீச்சர் யோசிச்சிக்கிட்டே திரிஞ்சவங்க, மாரியம்மன் கோயில் திருவிழாவுல தப்பு மேளச் சத்தத்தக் கேட்டிருக்காங்க. அவ்வளவுதான். கோயில்ல கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு தப்பு வாங்கிட்டாங்க. ஆமாடா, தப்புதான். ஸ்கூலுக்குள்ள. திருடு போயிரும்னு கம்ப்யூட்டர் ரூம்புல வச்சுப் பூட்டுறாங்க.

மூஞ்சிய ஏன் அங்கிட்டுத் திருப்புற? தெரியும். அதே ஸ்கூல்லதான் ஒன்னையத் தப்படிக்கிறவன் மகன்னு, சாவு மேளம் சாவு மேளம்னு கூப்புட்டு ஓட்டுனாங்க. பைய வீசிட்டு வந்தவன் நீ. அதுக்கு முந்தி ஒங்கப்பா ராமையா அடிக்க, நீ கூட நின்னு அடிச்சா, இந்த இஸ்தோப்புத் திண்ணையில எவளாலயும் சும்மா ஒக்காந்து கொழம்பு வைக்க முடியாது. அப்பா போனப்பக்கூட நீ ஒரு தட்டுத் தட்டல. காரியம் முடிஞ்ச மறுநாளே கொழும்புக்கு பஸ் ஏறிட்ட. தீபாவளிக்கு வர்றேன், பொங்கலுக்கு வர்றேன்... சரி, அதப் பேசல நானு. சம்பல் போட்டுக்க.

இன்னைக்குக் காலையில பாடம் என்னான்னா, போன் இல்லாத காலத்துல ஒரு மலையில சாவு விழுந்தா அடுத்த மலைக்கு எப்புடித் தெரியும்? அடிச்சுக் காட்டுங்க, ஆனா மெதுவான்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. டவுன்ல பொறந்தவங்கல்ல, அவுங்களுக்குத் தெரியல. புள்ளைங்க கையில தப்பக் குடுத்துட்டு மெதுவாங்கலாமா? அதுகளும் கட்டையக் கூட்டி மூட்டி, தப்பக் காய்ச்சி, விட்டுச்சுங்க பாரு! காத்து வேற இந்தப் பக்கம்.

பத்தாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவளுங்க கையி அப்புடியே நின்னுருச்சாம். மேல் டிவிசன்ல ஒரு ஆளு அதக் கேட்டுட்டு, சாவுச் சேதிய நிறுத்தக் கூடாதுன்னு அவரும் தப்ப எடுத்து அடிச்சிருக்காரு. அதக் கேட்டு அடுத்த தோட்டத்துல அடிச்சிருக்காங்க. டீச்சரோட பாடம் மலை மலையாத் தாவி வட்டகொடை ஸ்டேசன் வரைக்கும் போயிருச்சு. அங்க ரயிலுக்கு நின்ன சனமெல்லாம் ஐயோ பாவம்னுச்சாம். யாரு செத்தான்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது!

சாவுன்னா நம்ம ஆளுங்க நிப்பாங்களா? கூடையக் கழட்டிட்டு, சத்தம் வந்த ஸ்கூல் பக்கமா எறங்கிட்டாளுங்க. வேலை வாங்குற கண்டாக்கையா கத்துறாரு, யாரு காதுல விழுது? வர்ற வழியிலேயே யாரு யாருன்னு பேச்சு. காளியாயிக்குக் காய்ச்சலாச்சேன்னு ஒருத்தி. பீலிக்குத் தண்ணிக்கும் வரலயேன்னு இன்னொருத்தி. பக்கத்துக் காம்பரா மீனம்மா இருக்காளே, நான் காலையில எட்டிப் பாத்தேன், போத்திக்கிட்டு அசைவில்லாமக் கெடந்தாளேன்னுட்டா. முடிஞ்சிச்சு. நான் செத்துட்டேன். ஒஞ் சித்தப்பன் அந்தாக்குல சிக்னல் தேடிக் கோயில் மேட்டுக்கு ஓடி ஒனக்குச் சொல்லிட்டான்.

நான் என்னா செஞ்சேன்னு கேளு. நானும் அந்தச் சத்தத்தக் கேட்டேன்ல. காய்ச்சலாவது ஒன்னாவது, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு குறுக்குப் பாதையில ஏறிட்டேன். ஸ்கூல்ல யாருக்கு என்னாச்சோன்னு ஒரே ஓட்டம். போனா, ஸ்கூல் கேட்டு வாசல்ல பொம்பளைங்க கட்டிப் புடிச்சு அழுவுறாளுங்க. சாவுன்னா யாருன்னு கேட்டுட்டா அழுவோம்? மொத அழுகை, அப்புறந்தான் வெசாரிப்பு. பின்னால போயி மீனம்மா கழுத்தக் கட்டிக்கிட்டு நானும் வச்சேன் ஒரு கூப்பாடு.

அவ கண்ணத் தொறக்காமயே ஒப்பாரி சொல்றா. என்னா ஒப்பாரிங்கிற? ஒன் மண்சட்டிய நாந்தானே எடுத்தேன், ஒடைஞ்சிருச்சுன்னு பொய் சொன்னேனே, இனி யாருகிட்ட திருப்பிக் குடுப்பேன் அக்கான்னு பாடுறா! எனக்குச் சட்டி ஞாபகம் வருது, ஆனா அழுகை நிக்கல. யாருடி போனதுன்னு கேட்டேன். நம்ம காளியாயி அக்காதான்டின்னா. ஐயோ காளியாயின்னு நான் ரெண்டடி பாடிட்டேன் தம்பி. சத்தியமா, நல்லாத்தான் பாடுனேன். அதுக்கப்புறந்தான் எம் பேரு எனக்கு ஒறைக்குது! அடியேய், காளியாயி நாந்தான்டி, எஞ் சட்டி எங்கடின்னேன். கண்ணத் தொறந்தா பாரு, ஒரே அலறலு. தேயிலைக்குள்ள பாஞ்சவள ரெண்டு பேரு போயித்தான் கூட்டிட்டு வந்தாங்க. சட்டியும் வந்துருச்சு. அந்தா, அடுப்புல இருக்கு.

சிரிக்கிறல்ல? வாயப் பொத்தாம சிரிடா.

டீச்சர் மூஞ்சி அப்பத்தான் வெளுத்துச்சு. பழனியாண்டி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்துட்டாரு. கோயிலுக்கும் அவருதான் தலைவர், சங்கத்துக்கும் அவருதான் தலைவர், அவரு வாய்க்குத்தான் தலைவர் இல்ல. சாவு இல்லாம சாவுத் தப்பு அடிச்சா அது ஒரு உசிர வாங்காமப் போகாது, டவுன்ல பொறந்த பொண்ணுக்கு நம்ம தப்பப் பத்தி என்னா தெரியும், இந்தக் கூத்த இன்னைக்கே பூட்டு, டீச்சர வேற ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லி நானே டவுனுக்குப் போறேன்னு குதிக்கிறாரு. சனமும் ஆமா ஆமாங்குது. பயந்து போயிருச்சில்ல.

டீச்சர் அவருக்கு முன்னால வந்து நின்னாங்க. தலைவர் ஐயா, எத்தன தடவ பெற்றார் கூட்டத்துக்குக் கூப்புட்டேன், நாலு பேருகூட வரல. இன்னைக்குத்தான் முழுத் தோட்டமும் ஸ்கூலுக்கு வந்திருக்கு. பூட்டுறதுன்னா பூட்டுங்க, அதுக்கு முன்னாடி ஒங்க புள்ளைங்க என்னா படிச்சிருக்குன்னு ஒருக்காக் கேட்டுட்டுப் பூட்டுங்கன்னாங்க.

புள்ளைங்க வட்டமா நின்னுச்சு. நடுவுல யாரு தெரியுமா தப்போட? பழனியாண்டியோட சொந்தப் பேத்தி, பிரியந்தி! கப்பல் வந்ததுக்கு ஒரு அடி. விடியமுந்தி வேலைப் பெரட்டுக்கு ஆள எழுப்புறதுக்கு ஒரு அடி. கங்காணி வெரட்டுறதுக்கு ஒரு அடி, அதுக்கு ஒரு வாண்டு மீசைய முறுக்கிக்கிட்டு வந்துச்சு, சனம் கொல்லுன்னு சிரிக்குது. தலைவர் வாயி பூட்டு பூட்டுங்குது, காலு தாளம் போடுது. அப்புறம் பிரியந்தி பாடுனா.

மன்னாரு மணல்ல எறங்குனோம்
மாத்தளை மட்டும் நடந்தோம்
வழியில படுத்தவுக எந்திரிக்கல
வரிசைய விட்டுட்டு நடந்தோம்

பாடிட்டு நிறுத்துனா. நிறுத்திட்டு அந்தச் சாவுத் தப்ப அடிச்சா. காலையில அடிச்ச மாதிரி இல்ல, மெதுவா. டீச்சர் சொன்னாங்க, ஐயா, நாங்க சாவு இல்லாம அடிக்கல. அந்த வழியில விழுந்தவங்களுக்கு அன்னைக்கு அடிக்க யாரும் நிக்கல. இன்னைக்கு இந்தப் புள்ளைங்க அடிச்சிருக்குன்னாங்க. மீனம்மா மறுபடி அழுவுறா. இந்த வாட்டி சட்டிக்கு இல்ல.

தலைவர் தொண்டையக் கனைச்சாரு. ஆனா எறங்கி வர வழி வேணும்ல? அது சரி, ஆனா காளியாயி பேரச் சொல்லியில்ல அழுதாச்சு, அவ தலைக்கு மேல நிக்கிற சாவ யாரு எறக்குறதுன்னாரு. டீச்சர் ரொம்ப மரியாதையா, ஒங்க வழக்கத்துல இதுக்கு ஒரு பரிகாரம் இருக்குமே ஐயா, ஒங்களுக்குத் தெரியாததான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு அவரு வாயால வருமா? இருக்கு இருக்குன்னாரு. என்னான்னு சொல்லத் தெரியாம முழிக்கிறாரு. தலைமகன் கையால வாசல்ல கல்யாண அடி அடிச்சா சரியாப் போயிரும்தானேன்னு டீச்சர் இழுத்தாங்க. அதேதான், எங்க தாத்தா காலத்துல இருந்து அதேதான், வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி அடிக்கணும், இல்லாட்டி வகுப்பப் பூட்டுவேன்னுட்டாரு. இந்தத் தோட்டத்துலேயே பொறந்து பல்லு போனவ நானு, அப்புடி ஒரு வழக்கம் கேள்விப்பட்டதே இல்ல. காலையில பொறந்த வழக்கம், ஒரு வெத்தல போடுறதுக்குள்ள தாத்தா காலத்துக்குப் போயிருச்சு!

இப்பத் தெரியுதா வாசல்ல ஏன் சனம்னு. அந்தப் பொகை எனக்கு வச்ச கொள்ளி இல்ல, தப்புக் காய்ச்சுறாங்க. வெள்ளப் பெயிண்டுல ஸ்கூல் பேரு எழுதின தப்பு. ஒன்னைய ஓட்டுன அதே ஸ்கூல் பேருதான்.

மாட்டேங்குற. சரி. அம்மா கட்டாயப்படுத்தல. அடிக்காட்டியும் நீ எம் மகன்தான், ரொட்டி இன்னும் இருக்கு. ஆனா ஒங் கைய ஒருக்காப் பாரு. வெளிய புள்ளைங்க தட்டிப் பாக்குற சத்தத்துக்கு, அந்தத் தட்டு வெளிம்புல ஒன் வெரலு என்னா பண்ணுதுன்னு பாரு. ஒன் வெரலு கொழும்புக்குப் போகவே இல்லடா.

ஆங், போன் கதை. மறந்தே போனேன். பாட்டு முடிஞ்சு, தலைவர் தொண்டையக் கனைச்சிக்கிட்டு நிக்கிற நேரம், ஒஞ் சித்தப்பன் கோயில் மேட்டுல இருந்து எறங்கி வந்து என்னையப் பாத்தான். ஒரு தடவ செத்துப் பொழைச்சான். அப்புறம் பதறிப் போயி, பய இன்னும் அவிசாவளை தாண்டியிருக்க மாட்டான், வராதன்னு சொல்லிருவோம்னு மறுபடி மேட்டுக்கு ஓடப் பாத்தான். யாருக்குச் சொல்லப் போறீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. காளியாயி மகன், வருசக் கணக்கா இந்தப் பக்கமே வராதவன், அம்மா செத்துட்டான்னதும் ஓடியாறான்னான். டீச்சர் எம் மூஞ்சியப் பாத்தாங்க. என் மூஞ்சியில என்னா இருந்துச்சோ எனக்குத் தெரியாது. எங்கிட்டக் குடுங்க, நான் பேசிக்கிறேன்னு போன வாங்குனாங்க. அணைச்சாங்க. கைப்பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்து மூடுனாங்க. அதுக்கப்புறந்தான் தம்பி, தலைவர் பக்கம் திரும்பி, ஒங்க வழக்கத்துல ஒரு பரிகாரம் இருக்குமே ஐயான்னு கேட்டாங்க.