வாசல் போர்டு

— போர்டை எடுக்க முடியாது அத்தான். இன்னொரு டீ வேணும்னா சொல்லுங்க, வரவழைக்கிறேன்.

— எடுக்கச் சொல்லலியே! உள்ள கொண்டு வந்து உன் மேஜைக்குப் பின்னாடி மாட்டிக்கோன்னுதான் சொல்றேன். நீ ஹால் மேனேஜர், உன் ரூமுக்கும் ஒரு களை வரும். நான் என்ன சொல்றேன்னா, நகராட்சி ஹால் வாடகைய ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் எதுக்குப் படிக்கணும்?

— ரோட்டுல போறவன் வரிப்பணத்துல கட்டின ஹாலாச்சே.

— இந்த வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல. என் கல்யாண மண்டபத்துக்கு வர்றவன் எல்லாம் உட்கார்ற முன்னாடி போனை நீட்டுறான். பாத்தா, உன் போர்டு போட்டோ! ‘அங்க இவ்வளவுதான், நீங்க ஏன் இவ்வளவு சொல்றீங்க’ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறான். எனக்கு எப்படி இருக்கும்?

— நல்லாவே இருக்காது.

— அக்கா புருஷன்னு ஒரு இரக்கம் கிடையாதா உனக்கு?

— இருக்கப் போய்த்தான் டீ வந்துச்சு.

— மேடம், ஒரு நிமிஷம் உள்ள வரலாமா? ஹாலைப் பிரிக்கிற ரெண்டு தள்ளு சுவரும் இப்போ வழுக்கிட்டுப் போகுது. ஒரு பக்கம் செஸ் போட்டி, இன்னொரு பக்கம் ரத்ததான முகாம். மூணாவது பக்கம் சும்மா கிடக்கு. அங்கயும் ஏசி போட்டு வைக்கவா?

— ஆள் இல்லாத இடத்துக்கு எதுக்கு அண்ணே? அணைச்சிடுங்க.

— சரிங்க மேடம்.

— பாத்தியா, உன் எலெக்ட்ரீஷியன் வாயாலயே வந்துடுச்சு. காலி! இவ்வளவு பெரிய கட்டடத்துல உட்கார்ந்து நாலு பேர் செஸ் ஆடுறான். இதுக்குப் பேரு வருமானமா?

— அந்தச் சுவருங்க எத்தனை வருஷமா துருப்பிடிச்சு நகராம நின்னுச்சு, உங்களுக்கே தெரியும். முழு ஹாலையும் எடுக்க வசதி உள்ளவங்க மட்டும்தான் வந்தாங்க. இப்போ மூணாப் பிரிச்சு மூணு பேருக்கு விடுறேன். முன்ன லீவு நாள்ல மட்டும் லைட் எரியும். இப்போ செவ்வாக்கிழமையும் எரியுது, புதன்கிழமையும் எரியுது.

— எரியட்டும். கவுன்சிலர் வீட்டு வரவேற்புக்குக்கூட வாடகை கேட்டியாமே?

— கேட்டேன். கட்டினாரு.

— மனுஷனுக்கு முகம் தொங்கிப் போச்சாம்.

— முகத்துக்கு நான் வாடகை கேக்கல, ஹாலுக்குத்தான் கேட்டேன். நஷ்டம் நஷ்டம்னு இத்தனை வருஷம் எல்லாரும் ஒப்பாரி வச்சீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சு? பெரிய வீட்டு விசேஷம் பூரா ஓசி. அந்தச் சலுகையை ஒழிச்சேன். நஷ்டம் தன்னால ஓடிப்போச்சு.

— ரொம்பத் துள்ளாத. திங்கக்கிழமை கவுன்சில் கூடுது. ஹாலை எங்க மண்டப ஓனர் சங்கத்துக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விடுறதா வேணாமான்னு அன்னிக்கு முடிவு. விட்டுட்டா உன் நாற்காலி என்னாகும்?

— போயிடும்.

— அதான்! நான் என்ன சொல்றேன்னா, நீயே முந்திக்கிட்டு என் மண்டபத்துக்கு வந்துடு. சம்பளம் இங்க வாங்குறதுல ரெண்டு மடங்கு. உங்க அக்காவும் சந்தோஷப்படுவா.

— அக்காவ இழுக்காதீங்க. அவ கல்யாணம் எந்த மண்டபத்துல நடந்துச்சு?

— அது எதுக்கு இப்போ?

— சொல்லுங்க. மாப்பிள்ளையே நீங்கதான், மறந்துடுச்சா?

— ...இங்கதான்.

— அப்பா ஏறி இறங்காத மண்டபம் கிடையாது. உள்ள போனதும் சட்டையைப் பாப்பாங்க, செருப்பைப் பாப்பாங்க, அப்புறம் வாய்க்கு வந்த வாடகையைச் சொல்லுவாங்க. இல்லேன்னா, ‘தேதி இல்லையே பெரியவரே’ம்பாங்க. இங்க மட்டும்தான் வாசல்ல போர்டு இருந்துச்சு; அப்போ சுவர் ஓடுன காலம், ஒரு பகுதியை மட்டும்கூட எடுக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. எல்லாருக்கும் ஒரே வாடகைதானான்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாரு. அன்னிக்கு நிமிர்ந்து நடந்த மாதிரி அப்பா நடந்து நான் பாத்ததே இல்ல. அந்தப் போர்டை உள்ள தள்ளச் சொல்றீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது அத்தான்.

— ...சரி. உறவு முறையில கேட்டாச்சு. இனிமே சங்கச் செயலாளரா பேசுறேன், கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை கண்டனக் கூட்டம். எல்லா ஓனரும் வர்றோம். ‘இந்த ஊருக்கு நகராட்சி ஹால் தேவையே இல்ல, எங்க மண்டபங்களே தாராளமா போதும்’னு தீர்மானம் போடப் போறோம். கூட்டம் நடந்த இடம், நேரம், கையெழுத்து எல்லாம் முறைப்படி இருக்கும். மறுநாள் கவுன்சில்ல அதைத்தான் முதல்ல வாசிப்பாங்க.

— வாசிக்கட்டும். நானும் போய் உட்கார்ந்து கேப்பேன். வேலை போனா போகட்டும். நான் இருக்கிற வரைக்கும் அந்தப் போர்டு மேல ஒருத்தர் கை படாது.

— பிடிவாதம்! உங்க குடும்பத்துக்கே பிடிவாதம்!

— கூட்டம் எங்க, உங்க மண்டபத்துலயா?

— என் மண்டபத்துலயா? சங்கத் தலைவன் என் வாசப்படிய மிதிக்கவே மாட்டான். அவனுக்கு வர இருந்த கல்யாணப் பார்ட்டியை நான் இழுத்துட்டேனாம்.

— அப்போ தலைவர் மண்டபத்துல வைங்க.

— அவன் இடத்துல போய் நான் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா? செத்தாலும் மாட்டேன்.

— பொருளாளர்கிட்டயும் ஒண்ணு இருக்கே?

— அவன் சங்கத்துக்கே வாடகை கேக்குறான்! நாற்காலிக்குத் தனி, ஏசிக்குத் தனி, கூட்டிப் பெருக்கத் தனி. எதுக்கு எவ்வளவுன்னு கேட்டா, அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறான். சரியான பணம் முழுங்கி.

— அப்புறம் எங்கதான் கூடப் போறீங்க?

— ...அந்த மூணாவது பக்கம் இருக்கே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலியா? சிரிக்காத.

— சிரிக்கல அத்தான். காலியாத்தான் இருக்கு. வாடகை வந்து...

— தெரியும். வாசல்ல படிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன். நான் என்ன சொல்றேன்னா, சொந்தக்காரன்னு ஏதாவது பாத்து...

— போர்டுல அப்படி ஒரு வரி இல்லையே. ரசீது சங்கத்துப் பேர்லயே போடுறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க அத்தான்: தீர்மானத்துல கூட்டம் நடந்த இடம்னு எழுதுவீங்கல்ல, அங்க எங்க ஹால் பேரைத் தப்பில்லாம எழுதச் சொல்லுங்க.