தானாகச் சுழலும் தண்ணீர்

கரையில் மீன் சேர்க்கிற வாடியின் ஐஸ் கன நேரம் தாங்கும். அப்பா வாவியில் மீன் பிடிக்கிறவர். கம்பஸுக்குப் படிக்க வர முன்னமே எனக்கு அது தெரியும்.

விசாரணைக் குழு கேட்டதால் எழுதுகிறேன். பெயர் கேதீஸ்வரி. ஊர் பழுகாமம். தற்காலிக உதவி விரிவுரையாளர். எங்கள் வீட்டில் கம்பஸ் வாசல் மிதித்த முதல் ஆள்.

பேராசிரியர் வினாயகமூர்த்தி புதுவகை அணு உலைகளைப் படிப்பிக்கிறவர். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றாலும், சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், அங்கே குளிர்ந்து தானாக இறங்கும், உலை தப்பும். "மனுசன் கை வைக்கத் தேவையில்ல" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வார். அதைக் காட்டுகிற கண்ணாடிக் குழாய் மாதிரியில் அவர் மெய்யாகவே கை வைக்கவில்லை. எட்டு மாதம் நான்தான் செய்தேன். கீழே ஹீட்டர். மேலே குழாயைச் சுற்றி ஐஸ் பெட்டி, ஐஸ் அப்பாவின் வாடியிலிருந்து. உச்சியில் ஆவி போக ஒரு திறந்த வாய். ஓட்டம் தெரியச் சிவப்புச் சாயம்.

ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் என் பெயர் இல்லை. கேட்டேன்.

"கடைசியில நன்றி சொல்லியிருக்கன்தானே பிள்ள. கழுவித் துடைச்சதுக்கு அது காணும்."

ஓம் சேர் என்றேன்.

கொழும்பிலிருந்து ஆட்கள் அந்த மாதிரியைப் பார்க்க வந்த அன்று சேர் வெள்ளைச் சேர்ட்டில் வந்தார். ஐஸ் பெட்டியை மணந்து பார்த்து முகத்தைச் சுழித்தார்.

"மீன் நாத்தம். வாறாக்கள்ர மூக்குக்கு நேர வச்சிருக்காய். கீழ இறக்கு."

குளிர் கீழே இருந்தால் தண்ணீர் சுழலாது. இரண்டாம் வருசப் பிள்ளைகளுக்கே தெரியும். சேருக்குத் தெரியாதென்று நினைக்க நான் யார்? இறக்கினேன்.

ஹீட்டர் சூடேறியது. சாயம் அசையவில்லை. சேர் பேசிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொதித்தது. நான் பின்சுவரோடு போய் நின்றேன். "மனுசன் கை வைக்கத் தேவை..." என்ற இடத்தில் குழாய் வெடித்தது. மறுகா பார்த்தால் முன்வரிசை முழுக்கக் கதிரைக்குக் கீழே. சேர் தலையிலிருந்து இடுப்புவரை சிவப்பு. வலது கை வெந்துபோனது. ஆறு கிழமை கட்டு. கையெழுத்துக்கூட வைக்க ஏலாதாம். பாவம்.

அவர் சொன்னதைத்தான் செய்தேன். அதற்கு மேல் நானும் கை வைக்கவில்லை.

உச்சி வாயில் தக்கை எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அது நான் அதற்கு முதல்நாளே இறுக்கினது. கழுவித் துடைக்கிறவள்தானே, உள்ளே தூசு விழக்கூடாதென்று. கம்பி சுற்றிக் கட்டியதும் தூசுக்குத்தான்.