இருபத்தொரு வயது மருமகள்

எண்ணூர் பேருந்தில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. எனக்கு முன்சீட்டில் காலி மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"பொண்ணு பாக்க வந்தவங்க சமைக்கத் தெரியுமான்னு கேக்கல. வோட்டர் ஐடி கீதான்னு கேக்குறாங்க."

"யாருக்கா அது?"

"நம்ம கவுன்சிலரும் அவரு புள்ளையும்தான். நகை வோணாமாம், சீரு வோணாமாம். பொண்ணுக்கு இருபத்தொரு வயசு முடிஞ்சிருந்தா போதுமாம்."

"கல்யாணத்துக்குப் பதினெட்டே போதுமேக்கா. எலக்சன்ல நிக்கத்தான் இருபத்தொண்ணு. நம்ம வார்ட இந்த வாட்டி லேடீஸ் வார்டா மாத்திட்டாங்க. அவரு சம்சாரமும் உயிரோட இல்ல. அதான் மருமவளத் தேடிக்கினு கீறாரு."

"எம் பொண்ணுக்கும் அதே டவுட்டுதான். காப்பி குடுத்த கையோட மாப்பிள்ளையாண்ட கேட்டுட்டா."

"இன்னான்னு?"

"'நான் நின்னு ஜெயிச்சா, அந்தச் சீட்டுல நான் குந்துவனா, நீங்க குந்துவீங்களா'ன்னு."

"அய்யய்யோ! அவன் இன்னா சொன்னான்?"

"திரும்பி அவங்கப்பன் மூஞ்சியப் பாத்தான்."