மணி அடிக்காத இரவு

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும்.

இது நம் பிளாரன்ஸின் பெரியப்பா பாஸ்கலுக்கு நேர்ந்தது. எழுபத்து நான்காம் வருஷம், மார்கழி. இரவு இரண்டு மணி. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே கோயிலுக்குப் போகும் மண்பாதை. மூடுபனி. பாஸ்கல் ஓட்டமும் நடையுமாய்ப் போகிறார்.

அவர் அந்தச் சின்னப் பங்கின் கோயில்பிள்ளை, சர்ச்சைப் பார்த்துக்கொண்டு மணி அடிப்பவர். மொத்தம் நாற்பது வீடு. போர்த்துக்கீசியச் சாமியார்கள் கப்பலில் கொண்டுவந்த மணி ஒன்று, அதோடு ஒரு வழக்கமும். பனி இறங்கினால் மணி அடிக்க வேண்டும். மூன்று அடி. பிறகு ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் சும்மா இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? விடாமல் அடித்தால் சத்தம் பனியெங்கும் நிறைந்து, எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே தெரியாது. இடைவெளி விட்டால்தான் வள்ளத்தில் இருப்பவன் காதைத் திருப்பிக் கரையைப் பிடிப்பான்.

போன வாரப் பனியில் அந்த மணி அடிக்கவில்லை. பாஸ்கல் டவுனில் இரண்டாம் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தொம்மையின் வள்ளம் பாறையில் மோதியது... உடல்கூடக் கிடைக்கவில்லை.

விசாரித்த சாமியாரிடம், "அடிச்சேன் சாமி. குடிச்சிருப்பான், காதுல விழல" என்றார் பாஸ்கல். ஊர் நம்பிவிட்டது. தொம்மையின் மனைவி விக்டோரியா மட்டும், "அவுக குடிக்கவே மாட்டாகளே அண்ணே" என்று அழுதாள்.

இன்றைக்கு இரண்டு வள்ளம் கடலில். கோயிலை எட்டியதும் மணிக் கயிற்றைப் பிடித்தார். டாங்... டாங்... டாங். மந்திரத்தை முணுமுணுத்தார். அந்த இடைவெளியில், கடலிலிருந்து...

"பாஸ்கலு... கரை எங்கனலே?"

தொம்மையின் குரல்.

மறுபடி மூன்று அடி. மறுபடி குரல். இப்போது அலையோரம். அடுத்த இடைவெளியில் கோயில் முற்றத்தில்... ஈரக் காலை இழுக்கும் சரக், சரக். அழுகிய பாசி வாடை. அடித்தால் அவன் நெருங்குகிறான். நிறுத்தினால் இந்த இரண்டு வள்ளமும் போய்விடும்.

அடித்தார்.

பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. "எங்கனலே?"

பாஸ்கல் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "நான் அடிக்கல தொம்மை... சினிமாவுக்குப் போயிருந்தேன்."

பாசி வாடை விலகியது. விடியும்வரை அடித்தார்.

இரண்டு வள்ளமும் கரையேறின. கரையில் பெண்கள் நின்றார்கள், விக்டோரியாவும். முதலில் இறங்கிய ரொசாரியோவிடம், "மணி கேட்டுச்சாலே?" என்றார் பாஸ்கல். அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மணியா? ஒண்ணும் கேக்கலலே. உன் குரலை வச்சுத்தான் கரை பிடிச்சோம். ராப்பூரா கடல்ல கேட்டுச்சு... 'நான் அடிக்கல, நான் அடிக்கல'ன்னு."

பாஸ்கல் அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. சத்தமே இல்லாமல்.