‘ஊட்டா’ என்று கேட்ட சொல்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், மடியில் டிபன் கேரியரோடு ஒரு பெண். பக்கத்தில் கொஞ்சம் வயதான அம்மாள். அவர் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“வீட்டுக்காரருக்கு வயித்துல பெரிய ரத்தக்குழாய் பலூனாட்டம் ஆயிடுச்சுக்கா. முந்தாநேத்து ஆபரேஷன் பண்ணிக் கொழாயவே மாத்திட்டாங்க. இன்னிக்கு டாக்டரே சாப்பாடு குடுக்கச் சொல்லிட்டாராம். ரசம் சாதம் எடுத்துட்டுப் போறேன்.”

“அதுக்குள்ளயா? யாரு சொன்னது?”

“கொழுந்தன். டாக்டர் கன்னடத்துல, கிருமி ஒண்ணும் இல்ல, ஊட்டான்னாராம். ஊட்டான்னா சாப்பாடுதானே?”

“வெறும் ஊட்டாவா?”

“உரி ஊட்டான்னு என்னமோ.”

அந்த அம்மாள் கேரியர் மேல் கை வைத்தார். “உரியூத. அது சாப்பாடு இல்லம்மா. எங்க மாமனாருக்கு முட்டி வீங்குனப்ப இதேதான் சொன்னாங்க. கிருமியே இல்லாம உடம்பே கொதிச்சு வீங்குறது. இவருக்கு அறுத்ததால வந்திருக்கும்.”

அவள் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை எடுத்தான்.

“தம்பி, அண்ணனுக்கு வாயில எதுனா வெச்சியா?”

பதில் எனக்கே கேட்டது. “இன்னும் உள்ள விடல அண்ணி. காய்ச்சல் அடிக்குது, மூச்சு வாங்குதாம். சாப்பிட்டா தெம்பாயிடும்ல?”

“எதுவும் குடுக்காத. நான் வர்ற வரைக்கும் எதுவும் குடுக்காத.”

போனை வைத்தாள். “அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. டாக்டர்கிட்ட நானே கேக்கணும்.”

“உரியூத.”

அத்திப்பள்ளி தாண்டும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வாய் தவறி ‘ஊட்டா’ என்று வந்துவிட்டது. கேரியரைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.