ஓரத்தில் குறைகிற உயரம்

பாகாலாவில் பேருந்து நின்றபோதுதான் முன் இருக்கைப் பெண்ணின் பேச்சு என் காதில் விழுந்தது.

“நைனா, உன் லாரி போவாதுன்னு எழுதினேன். முழு மார்க்கு போட்டாங்க.”

பக்கத்தில் அவளுடைய அப்பா. வலது கையில் மாவுக்கட்டு. காலடியில் புது டிரங்குப் பெட்டி.

“இன்னா சொல்ற?”

“டெஸ்டுல சொரங்கக் கணக்கு வந்துச்சு. பாம்பே ரோட்டுல உன் லாரி இடிச்சுதே, அதே மாரி சொரங்கம். மேல வளைவா கீதே, அதுக்கு எக்ஸ் ஸ்கொயர் வெச்சு ஒரு ஈக்குவேசன் கீது நைனா. சொரங்க வாசல் போர்டுல எழுதற உயரம் நடுவுல மட்டும்தான். ஓரம் போவப் போவ கொறைஞ்சிகினே வரும்.”

“நடுவுல போனா எதிர்ல வர்றவன் மேல மோதணும். ஓரமாத்தான் போனேன்.”

“அதான் நானும் சொல்றேன். தப்பு உன்னுது இல்ல. மாம்பழக் கூழு டின்ன அவ்ளோ ஒசரம் அடுக்கச் சொன்னது ஓனரு. காலேஜுல சேந்துட்டு சித்தூருக்கு வந்து அவருக்கு வரைஞ்சு காட்டறேன்.”

“வாணாம்மா.”

“ஏன்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“குடிச்சிட்டு ஓட்டினேன்னு போலீசுல எழுதிக் குடுத்துட்டேன். கேசு ஓனரு மேல வராது.”

“நீ குடிக்கவே மாட்டியே!”

“உன்ன இஞ்சினீரிங் படிக்க வெக்கறேன்னாரு.”

திருப்பதியில் இறங்கும்போது அவர் இடது கையால் பெட்டியைத் தூக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

“லைசென்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“புடுங்கிட்டாங்க,” என்றார்.