பத்து இலட்சத்து ஒன்று

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயது கடந்த ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பி பல வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது. திடீரென்று அவர் சொன்னார்:

"அக்கா, பத்து இலட்சத்து ஒண்டு பிரியும்."

அக்கா அவரை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "விசர்க்கதை. அது முதன்மை எண். அப்பாட தோணிப் பலகை முழுக்கக் கரிக்கட்டியால எழுதிப் பார்த்தமே. ஒண்டாலயும் பிரியல்ல."

"எதுவரைக்கும் பார்த்தம்?"

"தொண்ணூற்றேழு வரைக்கும். மறுகாதான் நாட்டுப் பிரச்சின வந்து உன்ன அனுப்பி வச்சம்."

"அடுத்த முதன்மை எண் நூற்றியொண்டு. அதால பிரிச்சா ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்து ஒண்டு. மிச்சமே இல்ல."

அக்கா கண்ணை மூடி, உதட்டை அசைத்துப் பெருக்கிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட கடவுளே, அடுத்ததா! எப்ப கண்டுபிடிச்ச?"

"அங்க போய்ச் சேர்ந்த முதல் மாசமே."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"நேர வந்து சொல்லுவம் எண்டு இருந்தன்."

சிரிப்பு நின்றது. "இதச் சொல்லவாவது அம்மா உயிரோட இருக்கக்க வந்திருக்கலாமேடா."

சித்தாண்டியில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் மறுபடி நகர்ந்த பின் தம்பி மெல்லக் கேட்டார்:

"பத்துக் கோடியே ஒண்டு பிரியுமா அக்கா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை விரித்தார்.

"பேனை இருந்தாத் தா."